பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ் வரலாறு என்றால் பெரும்பாலும் இரண்டு காலங்களைத்தான் பேசுகிறார்கள். ஒன்று, இளவரசர்களும் கோட்டைகளும் இருந்த இடைக்காலம். மற்றொன்று, நிலக்கரியும் இரும்பும் வந்த பிறகான காலம். நடுவில், ஏறக்குறைய 1700 முதல் 1750 வரை, ஒன்றுமே நடக்காதது போலக் கடந்துவிடுகிறார்கள். வெல்ஷ் மொழி இன்றும் உயிரோடு இருப்பதற்கான வேலையில் பெரும்பகுதி அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் நடந்தது என்பது என் எண்ணம். அந்தக் காலத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்போது வேல்ஸ் தனி நாடாக இருந்ததா?

இல்லை. எட்டாம் ஹென்றி காலத்தில் 1536லும் 1543லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டன. 1746இல் வந்த ஒரு சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாடாளுமன்றச் சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று எழுதியிருந்தால் வேல்ஸும் அதில் அடக்கம் என்று அது விதித்தது.

தலைநகர் கிடையாது. கார்டிஃப் தலைநகரானது 1955இல்தான். நாம் பேசும் காலத்தில் அது ஒரு சிறு துறைமுகம். பல்கலைக்கழகமும் கிடையாது. படிக்க வசதியுள்ள பையன்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார்கள், அதிலும் 1571இல் தொடங்கிய ஜீசஸ் கல்லூரிக்கு. மக்கள்தொகை 4 லட்சம் அளவில் இருந்தது. ரெக்ஸம், கார்மார்தன் போன்ற ஊர்களே பெரிய ஊர்கள். மற்றபடி மலை, மாடு, ஆடு, சிதறிக் கிடந்த பண்ணை வீடுகள்.

மக்கள் எந்த மொழி பேசினார்கள்?

வெல்ஷ். பெரும்பான்மையோருக்கு அது ஒன்றுதான் தெரியும். எல்லையோர ஊர்களையும் தெற்குப் பெம்ப்ரோக் போன்ற சில பகுதிகளையும் விட்டால், சந்தையிலும் வயலிலும் வீட்டிலும் ஆங்கிலம் காதில் விழாது. ஆனால் பதவி, வழக்கு, பத்திரம் எல்லாம் ஆங்கிலத்தில். வெல்ஷ் பேசுகிறவர் ஆங்கிலம் தெரியாமல் அரசுப் பதவி வகிக்க முடியாது என்று 1536ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. இந்த ஒரு பிளவை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதில் புரியும்.

நீதிமன்றத்தில் வெல்ஷ் மட்டும் தெரிந்தவரின் நிலை என்ன?

வேல்ஸுக்கென்று ஓர் உயர் நீதிமன்ற அமைப்பு இருந்தது. ‘மகா அமர்வு’ என்று அதை மொழிபெயர்க்கலாம். 12 கோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை கூடும். மன்மத் கோட்டம் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு நீதிபதிகளின் சுற்றில் சேர்க்கப்பட்டிருந்தது. நீதிபதிகள் அநேகமாக ஆங்கிலேயர்கள். விசாரணை ஆங்கிலத்தில் நடக்கும், சாட்சி வெல்ஷில் பேசுவார், நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பார்.

குதிரை திருடியதாகக் கூண்டில் நிற்கும் ஒரு கூலியாளை நினைத்துப் பாருங்கள். அன்று அதற்குத் தூக்குத் தண்டனை. தன் உயிரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

இன்னொன்று. அதுவரை லத்தீனில் எழுதிவந்த நீதிமன்ற ஆவணங்கள் 1733 முதல் ஆங்கிலத்துக்கு மாறின. சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே கொண்டுவந்த மாற்றம் அது. வேல்ஸுக்கும் அதே ஆங்கிலத்தைத்தான் கொடுத்தார்கள். அங்கே சாதாரண மக்களின் மொழி வேறு என்பதை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. எனக்கு இது ஆறாத விஷயம்.

நாடாளுமன்றத்தில் வேல்ஸுக்கு இடம் இருந்ததா?

மன்மத்தையும் சேர்த்து 27 உறுப்பினர்கள். அநேகமாக எல்லோரும் பெரிய நிலக்கிழார் குடும்பத்தினர். போட்டியே இல்லாமல் முடிந்த தேர்தல்கள்தான் மிகுதி. இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளும். வடக்கே வின்ஸ்டே மாளிகையின் சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் அரசரைப் போலவே வாழ்ந்தார். நாடு கடந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர் அவர். ரெக்ஸம் பக்கத்தில் 1710இல் தொடங்கிய ‘வெள்ளை ரோஜா’ சங்கத்தில் அவரும் நண்பர்களும் கூடிக் கடலுக்கு அப்பால் இருந்த அரசருக்காக மது அருந்தினார்கள். ஆனால் 1745இல் ஸ்காட்லாந்திலிருந்து அந்த வம்சத்துக்காகப் படை கிளம்பியபோது வேல்ஸ் நிலக்கிழார்கள் அசையவில்லை. 1749இல் வேட்டைக்குப் போன சர் வாட்கின் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

நிலக்கிழார்கள் வெல்ஷைக் கைவிட்டார்களா?

பெரிய குடும்பங்கள் கைவிட்டன. பல வீடுகளில் ஆண் வாரிசு இல்லாமல் போனது, சொத்து திருமணத்தின் வழியாக இங்கிலாந்துக் குடும்பங்களுக்குப் போனது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் வளர்ந்தார்கள். இதனால் முதலில் அடிபட்டவர்கள் கவிஞர்கள். நூற்றாண்டுக் கணக்காக ஊர் ஊராகப் போய் மாளிகைகளில் பாடிப் பரிசு பெற்று வாழ்ந்த மரபு அவர்களுடையது. ஒரே வீட்டை அண்டி வாழ்ந்த அரண்மனைக் கவிஞர்களில் கடைசியானவர் என்று நன்னாய் மாளிகையின் ஷோன் தவித் லாஸைச் சொல்வார்கள். அவர் 1690களில் இறந்தார். அவருக்குப் பிறகு அந்த வேலையே இல்லை.

அப்படியானால் கவிதை அழிந்துபோனதா?

இல்லை, மாளிகையிலிருந்து மதுக்கடைக்கு இறங்கி வந்தது. ‘ஐஸ்டெத்வோட்’ என்ற பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அது மாபெரும் கவிதை, இசைத் திருவிழா. 1700களின் தொடக்கத்தில் அது ஒரு மதுக்கடையின் புகை படிந்த அறையில் பத்துப் பேர் கூடும் கூட்டம். எங்கே, எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கத்தில் அறிவிப்பார்கள். உழவரும் கொல்லரும் தையற்காரரும் வருவார்கள். பழைய யாப்பு விதிகளை விடாமல், ஒரே அடிக்குள் மெய்யொலிகளைத் திருப்பித் திருப்பி ஒலிக்கவைக்கும் ‘கங்ஹனெத்’ என்ற கடினமான முறையில் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவார்கள். 1734இல் டோல்கெத்லி ஊரில் ஷோன் ரதெர்க் ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். இலக்கணம் எழுதியவர், பஞ்சாங்கம் போட்டவர், அச்சுக்காரர். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனம் உடைந்து போனார். ஆனாலும் அந்தக் கையளவு ஆட்கள்தான் யாப்பைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

பஞ்சாங்கம் என்றா சொன்னீர்கள்? அதற்கு அவ்வளவு முக்கியத்துவமா?

ஆமாம். தாமஸ் ஜோன்ஸ் என்பவர் 1680 முதல் வெல்ஷில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். சந்தை நாள், பிறை, வானிலைக் கணிப்பு, சோதிடம், இவற்றோடு கவிதையும் இருக்கும். பைபிளுக்கு அடுத்தபடியாக ஏழை வீட்டுக்குள் நுழைந்த அச்சுத்தாள் அதுதான். மாடு விற்கச் சந்தை நாள் பார்க்கிறவர் கண்ணில் கவிஞர் கூட்டத்தின் தேதியும் படும். செய்தித்தாள் இல்லாத நாட்டில் செய்தித்தாள் செய்யும் வேலையைப் பஞ்சாங்கம் செய்தது.

வேல்ஸ் மண்ணில் முதல் அச்சகம் எப்போது வந்தது?

1718இல். இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் வெல்ஷ் மொழியில் முழு பைபிள் 1588லேயே அச்சாகிவிட்டது. ஆனால் லண்டனில். இங்கிலாந்தில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற சில இடங்களில் மட்டும்தான் அச்சகம் வைக்கலாம் என்ற கட்டுப்பாடு 1695இல் காலாவதியானது. தாமஸ் ஜோன்ஸ் உடனே எல்லைக்கு மிக அருகில் இருந்த ஷ்ரூஸ்பரிக்குப் போய் அச்சகம் வைத்தார். ஊர் இங்கிலாந்தில் என்றாலும் வெல்ஷ் நூல்களின் அச்சுத் தலைநகர் பல பத்தாண்டுகளுக்கு அதுவே.

சரி, வேல்ஸுக்குள்? டெய்வி ஆற்றங்கரையில், நியூகாசில் எம்லின் ஊருக்கு எதிர்க்கரையில், ட்ரெவ்ஹெடின் என்ற சிற்றூர். அங்கே ஐசக் கார்ட்டர் அச்சுப்பொறியை நிறுத்தினார். முதலில் அச்சிட்டது வேதமும் அல்ல, சட்டமும் அல்ல. ஒருவர் தன் ‘பழைய எசமான் புகையிலை’யைத் திட்டிப் பாடிய பாட்டு. அடுத்தது மனசாட்சியைப் பற்றிய பாட்டு. இரண்டும் சிறு வெளியீடுகள், சந்தையில் கையில் பிடித்துப் பாடி விற்கக்கூடியவை. ஒரு நாட்டின் அச்சு வரலாறு இப்படித் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மக்கள் வாயில் இருந்த மொழிதான் மை தொட்டது.

அந்த ஆண்டுகளில் நல்ல உரைநடையும் பிறந்தது. 1703இல் எல்லிஸ் வின் ‘உறங்கும் கவிஞனின் காட்சிகள்’ எழுதினார். உலகம், மரணம், நரகம் மூன்றையும் கனவில் கண்டு சொல்லும் நூல், பேச்சு வழக்கின் காரம் குறையாத உரைநடை. 1716இல் தியோஃபிலஸ் எவன்ஸ் தன் இருபதுகளின் தொடக்கத்திலேயே வெல்ஷ் மக்களின் பழங்கதையை எழுதினார். வரலாறாக அதை நம்ப முடியாது. ஆனால் ‘நமக்கும் ஒரு பழம்பெருமை உண்டு’ என்று பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள்.

அறிஞர்கள் யாரும் இருந்தார்களா?

எட்வர்ட் லூயிட் ஒருவரே போதும். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளர், தாவரவியலாளர், புதைபடிவம் சேகரித்தவர். 1696இல் 4,000 கேள்வித்தாள்களை அச்சடித்து வேல்ஸின் பங்குகளுக்கெல்லாம் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதிகள்) அனுப்பினார். உங்கள் ஊரில் பழைய கல்வெட்டு இருக்கிறதா, ஊர்ப்பெயருக்கு என்ன பொருள், என்ன செடி முளைக்கிறது, என்ன வழக்கம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு தானே கிளம்பி நான்கு ஆண்டுகள் வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால், பிரான்ஸின் பிரிட்டனி என்று சுற்றினார். பிரிட்டனியில் உளவாளி என்று பிடித்துச் சிறையில் வைத்துவிட்டார்கள்.

1707இல் வந்த அவருடைய நூல் வெல்ஷ், பிரெட்டன், கார்னிஷ், ஐரிஷ் மொழிகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, அவை உறவு மொழிகள் என்று காட்டியது. ‘கெல்டிக் மொழிகள்’ என்று இன்று நாம் பேசுவதற்கு அடித்தளம் அது. இரண்டே ஆண்டுகளில், 49 வயதில் இறந்துபோனார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கடனுக்காக விற்றார்கள், அவை சிதறின, கணிசமானவை பின்னால் தீக்கு இரையாயின. ஸ்னோடன் மலையில் அவர் கண்ட சிறு வெள்ளை அல்லிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

வட்டத்தின் ‘பை’ குறியீட்டைக் கொடுத்தவர் வெல்ஷ்காரரா?

ஆமாம். அங்கில்சித் தீவில் ஒரு சிறு விவசாயியின் மகனாகப் பிறந்த வில்லியம் ஜோன்ஸ், 1706இல் வந்த தன் கணித நூலில் அந்தப் பொருளில் அந்தக் கிரேக்க எழுத்தை முதன்முதலில் பயன்படுத்தினார். அவருடைய மகன்தான் 1786இல் கல்கத்தாவில் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொது மூலம் இருக்க வேண்டும் என்று பேசிய சர் வில்லியம் ஜோன்ஸ்.

திருச்சபை மக்கள் பக்கம் இருந்ததா?

மேலே இல்லை, கீழே இருந்தது. நான்கு மறைமாவட்டங்கள்: பாங்கர், செயின்ட் ஆசாஃப், செயின்ட் டேவிட்ஸ், லாண்டாஃப். பிஷப்புகள் அவற்றை இங்கிலாந்தின் வசதியான பதவிகளுக்குப் போகும் படிக்கட்டாகப் பார்த்தார்கள். 1727இல் ஜான் வின் செயின்ட் ஆசாஃபை விட்டுப் போன பிறகு, வெல்ஷ் பேசும் ஒரு பிஷப் வேல்ஸில் மறுபடி அமர 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்று நாற்பத்துமூன்று ஆண்டுகள்! திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றி 1717இல் தொடங்கிய ‘பாங்கர் சர்ச்சை’கூட பாங்கரில் நடக்கவில்லை. அந்த ஊரின் பிஷப் ஹோட்லி லண்டனில் அரசர் முன் செய்த பிரசங்கத்தால் லண்டனில் நடந்தது.

ஆனால் ஊர்க் குருமார்கள் ஏழைகள், அந்த மண்ணின் பிள்ளைகள். ஞாயிறு தோறும் வெல்ஷில் ஜெபம் சொன்னார்கள், வெல்ஷ் பைபிளை வாசித்தார்கள். அரசு தன் வாசலில் தடுத்த மொழி பீடத்தில் நின்று பேசியது. படிக்கத் தெரியாதவர்கூட வாரம் ஒருமுறை செம்மையான வெல்ஷைக் காதால் கேட்டார்.

மூன்று மாதப் பள்ளிகள் என்கிறார்களே, அது என்ன?

இந்தக் காலத்தைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

கிரிஃபித் ஜோன்ஸ், கார்மார்தன் கோட்டத்தில் லான்தவ்ரோர் என்ற சிறிய பங்கின் குருவானவர். 1716இல் அங்கே வந்தவர். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய நாள் மக்களைக் கூட்டிக் கேள்வி கேட்பார். பெரியவர்கள் தலை குனிந்து நிற்பார்கள். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை, வீட்டில் எடுத்துப் படிக்க எழுத்து தெரியவில்லை. அதே நேரத்தில், 1720களின் கடைசியில், அந்த வட்டாரத்தில் கொள்ளைக் காய்ச்சல் பரவி ஏராளமானோர் இறந்தார்கள். ஒன்றும் அறியாமலே சாகிறார்களே என்ற தவிப்பு அவரை உலுக்கியது.

அதற்கு முன்பும் தருமப் பள்ளிகள் இருந்தன. 1699இல் லண்டனில் தொடங்கிய எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் வேல்ஸ் முழுக்கப் பள்ளிகள் நடத்தியது. வடக்கே சில இடங்களைத் தவிர அவை ஆங்கிலத்தில் கற்பித்தன. பிள்ளைகள் புரியாத மொழியில் எழுத்துக்கூட்டினார்கள், அறுவடை வந்ததும் நின்றுவிட்டார்கள்.

ஜோன்ஸ் 1731 வாக்கில் வேறு வழி கண்டார். பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம், ஆசிரியர் ஊருக்கு வருவார். வயல் வேலை குறைந்த குளிர்கால மாதங்களில், தேவாலயத்திலோ களஞ்சியத்திலோ ஒரு பண்ணை வீட்டிலோ மூன்று மாதம் நடத்துவார், பிறகு அடுத்த ஊர். மொழி வெல்ஷ். பாடம் படிப்பது மட்டும். எழுத்துப் பயிற்சி இல்லை, கணக்கு இல்லை. வெல்ஷில் எழுதுவது போலவே ஒலிப்பதால், பேசத் தெரிந்தவர் எழுத்துகளைப் பிடித்துவிட்டால் மூன்று மாதத்தில் பைபிள் படிக்கலாம். ஆங்கிலத்தில் இது ஆண்டுக் கணக்கில் இழுக்கும் என்று அவரே ஆண்டறிக்கைகளில் வாதாடினார். கட்டணம் இல்லை. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 3, 4 பவுண்டு, அவ்வளவுதான்.

பகலில் பிள்ளைகள், இரவில் கூலியாட்களும் வேலைக்காரப் பெண்களும். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள். பகல் முழுதும் குளிரில் வேலை செய்த கை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வரியின் மேல் விரல் வைத்து நகர்கிறது. வாரா வாரம் காதால் கேட்டே மனப்பாடமாகியிருந்த வசனம் ஒன்று, ஒருநாள் கண்ணுக்கும் தெரிகிறது.

1761இல் அவர் இறக்கும்போது 3,000க்கு மேற்பட்ட பள்ளிகள் ஏறக்குறைய 1,600 இடங்களில் நடந்திருந்தன. பகல் வகுப்புப் பதிவேடுகளில் மட்டும் ஒன்றரை லட்சம் பேர். இரவு வகுப்புகளைச் சேர்த்தால் 2 லட்சத்தைத் தாண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகை ஐந்து லட்சத்தை எட்டாத காலம் அது. அரசிடமிருந்து ஒரு காசு வரவில்லை.

அவர் மொழியைக் காக்க வேண்டுமென்றா இதைச் செய்தார்?

இல்லை, ஆன்மாவைக் காக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். வெல்ஷ் என்பது அதற்குக் கையருகே இருந்த கருவி. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் விளைவு நோக்கத்தைவிடப் பெரிதாகிவிட்டது. படிக்கத் தெரிந்த ஒரு மக்கள் கூட்டம் உருவானதால்தான் பின்னால் வெல்ஷ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் வாசகர்கள் கிடைத்தார்கள்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. இதே கிரிஃபித் ஜோன்ஸ் இளம் வயதில், 1713 வாக்கில், தரங்கம்பாடிக்கு மறைப்பணியாளராகப் போகும் யோசனையில் இருந்தார். ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு அங்கே தமிழில் வேதத்தை அச்சிடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். தரங்கம்பாடி அச்சகத்துக்கு உதவியதும் அதே எஸ்.பி.சி.கே.தான். ஜோன்ஸ் நன்றாக யோசித்து, சொந்த மண்ணிலேயே வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டார். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது.

இன்னொருவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். ரெக்ஸம் பக்கத்துக் குடும்பம். அவருடைய சிறு மகனின் கல்லறை, பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற வளாகமான இடத்தில் எழுந்தது. ஊழல் குற்றச்சாட்டில் பதவி போனது, சொத்து போகவில்லை. 1718இல் அவர் அனுப்பிய துணிப் பொதிகளையும் நூல்களையும் பெற்ற அமெரிக்கக் கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது. 1721இல் இறந்து ரெக்ஸம் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மக்களின் பொழுதுபோக்கு என்ன?

‘ஆன்டர்லிவ்ட்’ என்ற கூத்து. மதுக்கடை முற்றத்தில் ஒரு வண்டியை நிறுத்தினால் மேடை தயார். கோமாளியும் கருமியும் கட்டாயம் வருவார்கள். பச்சையான நகைச்சுவை, நடுநடுவே வரியையும் வக்கீலையும் பாதிரியாரையும் விளாசும் வசனம். நிலக்கிழாரை நேரில் ஒன்றும் சொல்ல முடியாதவர்கள் வண்டி மேலிருந்து சொன்னார்கள்.

பாலா பக்கம் காலுறை பின்னுவது பெரும் தொழில். மாலையில் ஒரே வீட்டில் எல்லோரும் கூடிப் பின்னுவார்கள். கணப்பும் விளக்கும் மிச்சமாகும், கதையும் பாட்டும் கிடைக்கும். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் ‘பிளகைன்’ வழிபாட்டில் மெழுகுவர்த்தி ஏந்திக் கரோல் பாடுவார்கள். மூன்று வரிசை நரம்பு கொண்ட யாழும் இந்தக் காலத்தில்தான் பரவியது. இத்தாலியில் பிறந்தது, ஆனால் வெல்ஷ்காரர்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

மெதடிஸ்டுகள் இதையெல்லாம் ஒழித்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1735இல் ஹவெல் ஹாரிஸும் டேனியல் ரோலண்டும் எழுப்பிய மெதடிஸ்டு சமய எழுச்சி யாழையும் நடனத்தையும் கூத்தையும் பாவமாகப் பார்த்தது. பல ஊர்களில் யாழ் பரணுக்குப் போனது. அது பெரிய இழப்புதான். ஆனால் அதே இயக்கம் வில்லியம் வில்லியம்ஸ் பான்டிகெலின் என்ற மாபெரும் கீர்த்தனைக் கவிஞரையும் தந்தது.

லண்டனில் இருந்த வெல்ஷ்காரர்கள் என்ன செய்தார்கள்?

1715ஆம் ஆண்டு மார்ச் 1, புனித டேவிட் நாளில், ‘தொன்மை பிரித்தானியர் சங்கம்’ தொடங்கினார்கள். வேல்ஸ் இளவரசி கரோலினின் பிறந்தநாளும் அதுவே. ஏழை வெல்ஷ் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் நடத்தினார்கள். 1751இல் அங்கில்சியின் மாரிஸ் சகோதரர்கள் முயற்சியால் ‘கம்ரொடோரியோன்’ சங்கம் வந்தது. அந்தச் சகோதரர்களில் மூத்தவரான லூயிஸ் மாரிஸ் 1735லேயே ஹோலிஹெட்டில் அச்சுப்பொறி வாங்கி வைத்து வெல்ஷில் ஓர் இதழ் தொடங்கிப் பார்த்தார். ஓர் இதழோடு நின்றது.

பெண்களைப் பற்றி எதுவும் தெரியாதா?

தெரியும், கொஞ்சம்தான். டோல்வித்தெலன் பக்கத்துப் பண்ணையில் வாழ்ந்த அங்ஹராட் ஜேம்ஸ் கவிஞர், யாழ் வாசித்தவர். மாடு கறந்து திரும்பும் வேலைக்காரப் பெண்களை வழியில் நிறுத்தி, தான் யாழ் வாசிக்க அவர்களை ஆடவைப்பார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. பதினாறு வயதில் இறந்த மகனுக்காக அவர் பாடிய ஒப்பாரி இன்றும் இருக்கிறது.

லாக்ஹார்ன் ஊரின் பிரிட்ஜெட் பெவன் இல்லாவிட்டால் மூன்று மாதப் பள்ளிகளே இல்லை எனலாம். பணம் கொடுத்தார், பணக்கார நண்பர்களிடம் பணம் கேட்டார், ஜோன்ஸின் கடைசிக் காலத்தில் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். ஜோன்ஸ் இறந்த பிறகு 18 ஆண்டுகள் பள்ளிகளைத் தானே நடத்தினார். 1779இல் இறக்கும்போது 10,000 பவுண்டைப் பள்ளிகளுக்கு எழுதிவைத்தார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். லண்டன் நீதிமன்றத்தில் பணம் பல ஆண்டுகள் முடங்கியது, பள்ளிகள் நின்றன. அதற்குள் அந்தப் பெஞ்சுகளில் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்துக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.